முதலில் முக்காலி

இராக்காலப் படம் எடுக்க விழையும் மாணவர் முதற்கண் வினவுவது, "ஐயா, எந்தக் காமிரா வாங்கலாம்?" என்பதே. எந்த முக்காலி என்று கேட்பார் அரியர். தந்தையார் வளைகுடாவில் வியர்வை சிந்தி ஈட்டிய பணத்தைக் காமிராவில் கொட்டிவிட்டு, எஞ்சிய சில்லறைக்கு மெலிந்த தாங்கி வாங்கும் வழக்கத்தை யான் ஏற்கேன்.

கிண்டியில் 2008-இல் திறக்கப்பெற்ற கத்திப்பாரா மேம்பாலத்தின் வாகன ஒளிக்கோடுகளைப் பதிக்க, ஷட்டர் 10, 20 நொடிகளேனும் திறந்திருத்தல் வேண்டும். அதற்குள் அருகே ஒரு லாரி கடந்தால் தாங்கி நடுங்கும். உயர்விலைக் காமிராவும் அந்நடுக்கத்தையே பதிக்கும். ஷட்டர் நேரத்தை நாமே அமைக்க இயலுமாயின் பழைய காமிராவே போதும். முக்காலியோ கனமாய் இருத்தல் வேண்டும். நடுத்தண்டை உயர்த்தாது, அதன் கொக்கியில் புத்தகப் பையைத் தொங்கவிடுக. மஃரிபுக்குப் பின் பிறையைப் படமெடுக்கும் தம்பிமார்க்கும் இது பொருந்தும்.

விண்மீன்களை நாடுவோர்க்கு அதுவும் போதாது. புவி மணிக்கு 15 பாகை சுழல்வதால் அவை கோடுகளாய் நீளும். அச்சுழற்சிக்கு ஈடுகொடுத்துத் திரும்பும் தாங்கியின் அச்சு, சென்னையில் துருவமீனை நோக்கி 13 பாகை உயர்ந்திருத்தல் வேண்டும். கிண்டியின் விளக்கொளியில் அது வீண்செலவு. காவலூர் வானாய்வகம் ஜவ்வாது மலையில் அமைந்ததும் இருள் நாடியே.

கல்லூரி ஒரு கனத்த முக்காலி வாங்கி வைப்பின், மாணவர் முறைவைத்து எடுத்துச் செல்வர்.