வீடு வீடாகப் போய் எண்ணியவர்கள்

தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது பிள்ளைக்கு ஃபிட்ஸ் வருகிறது என்று ஒரு தாய் சொன்னால், காய்ச்சல் இருந்திருக்கும், பயந்திருப்பான் என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவது எந்த மருத்துவருக்கும் எளிது. மேலைநாட்டு ஏடுகளில் இப்படி வரும் வலிப்புக்கு அதிகச் சான்றுகள் இருக்கவில்லை. 1945இல் நியூசிலாந்தில் ஆலன் என்ற மருத்துவர் ஒரு சிறுவனைப் பற்றி எழுதியிருந்தார். அதன்பின் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பதிவுகள் வந்தன. பெங்களூரில் இருந்த நரம்பியல் மருத்துவர் கே.எஸ்.மணியும் அவருடைய சக மருத்துவர்களும் அந்தத் தாய்மார்களை நம்பினார்கள். 1968இல் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் அவர்கள் எழுதிய கட்டுரைதான் ‘வெந்நீர் வலிப்பு’ என்று இன்று உலகம் அறிந்திருக்கும் நோயைத் தென்னிந்தியாவின் நோயாகவே அடையாளம் காட்டியது. இருபது ஆண்டுகள் கழித்து, 1988இல், பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் சதீஷ்சந்திராவும் அவருடைய குழுவினரும் 279 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஒற்றைச் சிறுவனில் தொடங்கிய ஒரு நோய்க்கு அது பெரிய தொகை.

அவர்கள் கேட்ட கேள்விகளை நினைத்துப் பார்த்தால் மனம் நெகிழ்கிறது. தலைக்குக் குளிப்பது எத்தனை நாளுக்கு ஒருமுறை? தண்ணீர் எவ்வளவு சூடு? யார் ஊற்றுகிறார்கள்? நிறுத்தாமல் ஊற்றுகிறார்களா? காவிரிப் படுகையில் வாரம் ஒருமுறையோ இருமுறையோ அண்டாவில் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, விளாவி, சொம்பு சொம்பாக உச்சந்தலையில் ஊற்றும் வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். அந்தச் சூடு மூளையில் என்ன செய்கிறது என்பதை நிம்ஹான்ஸ் ஆய்வுக்கூடத்தில் எலிகளை வைத்துச் சோதித்தார்கள். குடும்பங்களில் தொடர்ந்து வருவதைக் கண்டு மரபணுவைத் தேடி ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தின் அனுரஞ்சன் ஆனந்த் குழுவோடு கைகோத்தார்கள். மருந்து விஷயத்திலோ விடை எளிமையானது. பல பிள்ளைகளுக்கு வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டினாலே போதும். போதாதவர்களுக்குத் தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும், குளிப்பதற்கு முன்பாக, குளோபசாம் கொடுத்துத் தடுக்கலாம் என்று தமிழ்நாட்டு மருத்துவர்கள் 2003இல் எழுதினார்கள். நாள்தோறும் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கவேண்டிய கட்டாயத்திலிருந்து அந்தப் பிள்ளைகள் தப்பினார்கள்.

நிம்ஹான்ஸ் நிற்கும் சாலைக்குப் பெயரே ஓசூர் சாலை. 1954இல் அகில இந்திய மனநல நிறுவனமாக உருவாகி, 1974 டிசம்பரில் பக்கத்திலிருந்த மனநல மருத்துவமனையோடு இணைந்து நிம்ஹான்ஸ் ஆன அந்த வளாகத்திலிருந்து தெற்கே வந்தால் நாற்பது கிலோமீட்டருக்குள் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூர். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்கோ இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். சூளகிரியிலோ தேன்கனிக்கோட்டையிலோ ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்து நிற்கவில்லையென்றால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மொழியிலும் சம்பந்தத்திலும் சமையலிலும் குளியலிலும் மாநில எல்லையான அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மக்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வீட்டில் புழங்கும் ஊர்கள் இங்கே நிறைய.

எண்ணிக் கணக்கெடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து, கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே வயல் வயலாக அளந்தார்கள். உழவரிடமே நேரடியாக வரி வசூலிக்கும் ரயத்துவாரி முறை வேர்விட்ட இடம் இது. ஓசூர்ப் பகுதி 1799இல் சேர்ந்தது. எந்த வயல் யாருடையது, எவ்வளவு விளையும் என்று இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்ட நிலத்தில், எத்தனை வீடுகளில் வலிப்புள்ள குழந்தை இருக்கிறது, எத்தனை குழந்தைகள் இரண்டு வயதாகியும் நடக்கவில்லை என்பதும் ஊர் ஊராகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அதற்கு முன்மாதிரி தொலைவில் இல்லை. எல்லையை ஒட்டிய காடுகளைத் தாண்டித் தென்மேற்கே போனால், பிளிகிரிரங்கன் மலையடிவாரத்தில் ஏளந்தூர் இருக்கிறது. மைசூர் திவான் பூர்ணையாவுக்கு ஜாகீராகக் கிடைத்த சிற்றூர். பக்கத்துக் கொள்ளேகாலம் 1956 வரை நம் கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. கே.எஸ்.மணி தம் பிற்காலத்தில் அந்த ஏளந்தூரைத் தேர்ந்தெடுத்து, ஏறத்தாழ 65,000 மக்களிடையே வலிப்பு நோயாளிகளைத் தேடினார். மருத்துவமனை வாசலுக்கு வருகிறவர்களை எண்ணுவதோடு நின்றிருந்தால், வராதவர்கள் கணக்கிலேயே இல்லாமல் போயிருப்பார்கள். கண்டறியப்பட்ட நோயாளிகளுக்கு அவர் கொடுத்தது பீனோபார்பிட்டால் அல்லது பீனிட்டாயின். பீனோபார்பிட்டால் 1912இலிருந்து வலிப்புக்குப் பயன்படும் பழைய, மலிவான மருந்து. 135 பேரை ஐந்து ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து, முடிவை 2001இல் ‘லான்செட்’ வெளியிட்டது. கிராமத்தில், எளிய மருந்தைக் கொண்டு, மூளைப் படம் எடுக்கும் பெரிய கருவி எதுவும் பக்கத்தில் இல்லாமலே, பெரும்பாலோருக்கு வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும் என்பது அதில் உறுதியானது. வலிப்பு பலமுறை வந்து முற்றுவதற்குள் மாத்திரை தொடங்கியவர்களுக்குப் பலன் கூடுதல் என்பதும் தெரிந்தது. குழந்தைகள் விஷயத்தில் இந்த இரண்டாவது செய்திக்குத் தனி எடை உண்டு. தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் பள்ளிக்கூடத்திலிருந்தும் விளையாட்டிலிருந்தும் பிள்ளை விலகிப் போகும் மாதம்.

அதே காலத்தில் நிம்ஹான்ஸின் கௌரிதேவி, குருராஜ் முதலானோர் பெங்களூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். நகரத்தில் ஆயிரத்துக்கு 5.7 பேருக்கு வலிப்பு; கிராமத்தில் 11.9. பெரிய மருத்துவமனைக்கு ஒரு மணிநேரத் தொலைவில் இருக்கும் கிராமத்தில் நோய் இருமடங்கு! ஓசூருக்கும் அஞ்செட்டிக்கும் இடையிலும் அப்படித்தான் இருக்குமா என்று நான் ஊகிக்கப் போவதில்லை. எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

மருத்துவர்களின் சங்கம் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை கூடி உரையாற்றிக் கலைவது என்று நினைப்பவர்கள் இந்திய வலிப்பு நோய்ச் சங்கத்தின் கதையை அறிய வேண்டும். 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் ‘வலிப்பு’ என்ற சொல் நுழைந்தது. அடிக்கடி வலிப்பு வருகிறவரின் திருமணத்தைச் செல்லாததாக்க அது வழிசெய்தது. சங்கத்து மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 1999இல்தான் அந்தச் சொல் சட்டத்திலிருந்து நீங்கியது. பெண் குழந்தைக்கு வலிப்பு என்றால் அதை ஊர் அறியாமல் மறைக்கும் வழக்கம் சட்டத்தோடு சேர்ந்து நீங்கிவிடவில்லை. வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கமும் அப்படியே இருக்கிறது. மறைக்கப்படும் குழந்தை கணக்கில் வராது, அதன் மாத்திரையும் பாதியில் நின்றுபோகும். திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அண்மைக் காலத்தின் கசப்பான பாடம் ஒன்றும் சென்னை–பெங்களூர்ச் சாலையின் இரு முனைகளிலிருந்துதான் வந்தது. பிறந்ததும் அழாத குழந்தைக்கு மூச்சுத்திணறலால் மூளை பாதிக்கப்படலாம். உடலை 33, 34 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து 72 மணிநேரம் வைத்தால் பாதிப்பு குறையும் என்று அமெரிக்க, பிரிட்டன் ஆய்வுகள் 2005 தொடங்கி நிறுவின. பணக்கார நாடுகளில் அதுவே நடைமுறை ஆனது. நம் மருத்துவமனைகளும் ஆவலோடு பின்பற்றின; வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களின் பங்களிப்போடு குறைந்த செலவில் குளிர்விக்கும் படுக்கைகூட வந்தது. நல்லெண்ணத்தில் குறையே இல்லை. ஆனால் நம் குழந்தைகளிடம் அது பலிக்கிறதா? ‘ஹெலிக்ஸ்’ என்ற ஆய்வு அதைச் சோதித்தது. சென்னை, பெங்களூர் மருத்துவமனைகள் உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். 2021இல் முடிவு வந்தது. குளிர்விக்கப்பட்டவர்களில் 42 விழுக்காட்டினர் இறந்தனர். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 31 விழுக்காட்டினர்.

ஏன் இப்படி ஆயிற்று என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. முடிவை ஏற்காத குழந்தை மருத்துவர்களும் உண்டு. ஆனாலும் அந்த ஆய்வில் ஈடுபட்டவர்கள் செய்தது பெரிய காரியம் என்றே சொல்வேன். இன்னொரு நாட்டுக் குழந்தையிடம் மெய்ப்பிக்கப்பட்டது நம் குழந்தைக்கும் அப்படியே பொருந்தும் என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கத் துணிவு வேண்டும். பாதகமான முடிவை மறைக்காமல் வெளியிடவும் வேண்டும். வெந்நீர் வலிப்பை அடையாளம் கண்டவர்களும் அந்த வழியில் நடந்தவர்கள்தாம்.

உறவில் திருமணம் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. 1980களில் இந்திய அறிவியல் கழகத்தின் அப்பாஜி ராவும் ஆலன் பிட்டில்ஸ் முதலானோரும் கர்நாடகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து, மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் பிறவிக் குறைகளைத் தேடினார்கள். பெங்களூர், மைசூர் பகுதிப் பெற்றோரில் மூன்றில் ஒரு பங்கினர் நெருங்கிய உறவில் மணந்தவர்கள். தாய்மாமனை மணந்தவர்களே அதில் அதிகம். கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு இது அயலூர்ச் செய்தி அல்ல. இந்த எண்ணை வைத்துத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. பிறந்த சில நாட்களில் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம் எந்தக் குழந்தைக்குத் தேவை என்று அரசுக்குச் சொல்லும் எண் அது.

இனி நம் மாவட்டம். 1980களிலிருந்து அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வளர்ந்த ஓசூர் இன்று மாநகராட்சி. பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய வரிசை வீடுகளில் வளர்கிறார்கள். ஒரு குழந்தை பெங்களூரில் காட்டப்பட்டால் அதன் கோப்பு கர்நாடகத்தில் இருக்கும். வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அந்தக் குழந்தையைப் பற்றி எதுவும் தெரிய வழியில்லை. அடுத்த மாத மாத்திரைக்கு அப்பா ஒருநாள் கூலியை இழந்து மறுபடி பஸ் ஏற வேண்டும். இரண்டு மாதம் போவார். மூன்றாம் மாதம் ஷிப்ட் மாறினால்?

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது இதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாசலுக்கு வருவதே அதன் உயிர்நாடி. அதே பையில் குழந்தைகளின் வலிப்பு மாத்திரைக்கு உறுதியான இடம் வேண்டும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் கிருஷ்ணகிரியும் ஒன்று. இன்றைய பாடத்திட்டப்படி அங்கே படிக்கும் ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து போய்வர வேண்டும். ஏளந்தூரில் ஒரு மூத்த மருத்துவர் திரட்ட வேண்டியிருந்த கால்கள் இங்கே பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன.

அந்த மாணவர்களின் கையில் ஒரு பக்கக் கேள்வித்தாளைக் கொடுக்கலாம். பிறந்ததும் அழுததா, எப்போது தலை நின்றது, எப்போது நடந்தது, பேச்சு வந்ததா, வலிப்பு வந்ததா, தலைக்கு ஊற்றும்போது வந்ததா, மாத்திரை தொடர்கிறதா. தமிழ், தெலுங்கு, கன்னடத்தோடு இந்தியிலும் ஒடியாவிலும் அது இருக்க வேண்டும். நிம்ஹான்ஸிலிருந்து திரும்பும் குழந்தைக்கு எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், அடுத்து எப்போது என்று எழுதிய ஒரு சீட்டு, பெற்றோர் கையிலும் ஊர் செவிலியர் கையிலும் ஒரே நேரத்தில் சேர இரு மாநிலச் சுகாதாரத் துறைகளும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். முதல் சுற்றை அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வட்டங்களின் மலைக் கிராமங்களிலும் சிப்காட்டை ஒட்டிய வரிசை வீடுகளிலும் தொடங்குவதே சரி. பதிவேட்டில் விடுபட்டுப்போகும் வாய்ப்பு அதிகமுள்ள பிள்ளைகள் அந்த இரண்டு இடங்களிலும்தான் இருக்கிறார்கள்.