கடலூர் வானொலிக்கு என்ன பாட்டு போடலாம்?

ஒரு சின்ன வானொலி நிலையம் தடுமாறிக்கிட்டு இருந்தா, எல்லாரும் முதல்ல கை வைக்கிற இடம் பாட்டுதான். "புதுப் பாட்டா போடுங்க சார், காலேஜ் பசங்க கேப்பாங்க"ன்னு ஒருத்தர் சொல்வார். "இளையராஜா போதும், வேற எதுவும் வேணாம்"னு இன்னொருத்தர். "சினிமாப் பாட்டே வேணாம், நம்ம பாரம்பரியம் என்னாகுறது?"ன்னு மூணாவது ஆள். மூணு பேரும் அவங்கவங்களுக்குப் பிடிச்சதைத்தான் சொல்றாங்க. நிலையம் எதுக்கு இருக்குன்னு யாரும் கேக்குறதில்லை. அதைக் கேட்டாத்தான் என்ன பாட்டுங்கிறதுக்கு பதில் கிடைக்கும்னு நான் நினைக்கிறேன்.

இந்தப் பேச்சு இப்ப எதுக்குன்னா, காரணம் இருக்கு. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புது ஊர்களில் 730 தனியார் எஃப்எம் அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் கொடுத்துச்சு. அந்தப் பட்டியலில் நம்ம நெய்வேலியும் இருக்கு. அதே வருஷம் பிப்ரவரியில் சமுதாய வானொலிக்கான விதிகளையும் கொஞ்சம் தளர்த்தினாங்க. ஆக, கடலூர், சிதம்பரம், நெய்வேலி வட்டாரத்தில் வானொலி நடத்தறவங்களுக்கும் நடத்த நினைக்கிறவங்களுக்கும் இந்தக் கேள்வி வந்தே தீரும்.

நாம அடுத்த ஊர் வானொலியைக் கேட்டே வளர்ந்தவங்க. 1967-ல் வந்த புதுச்சேரி ஆல் இந்தியா ரேடியோ, தெற்கே காரைக்கால் பண்பலை 100.3, அப்புறம் புதுச்சேரியில் இருந்து சூரியன், ஹலோன்னு தனியார் நிலையங்கள். இதுக்கெல்லாம் முன்னாடி கடல் தாண்டி வந்த இலங்கை வானொலி.

இலங்கை வானொலின்னு சொன்னதும் ஒரு பழைய கதையைச் சொல்லியே ஆகணும். 1952-ல் பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு தரம் கெட்டதுன்னு அவருக்கு எண்ணம். ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட நின்னே போச்சு, சாஸ்திரிய சங்கீதத்துக்கு முதலிடம். ஜனங்க என்ன பண்ணாங்க? திருந்தி உட்கார்ந்து ஆலாபனை கேட்டாங்களா? குமிழைத் திருகி சிலோனுக்குப் போயிட்டாங்க :-) வடக்கே இந்தி சேவைக்கும், நம்ம பக்கம் தமிழ் சேவைக்கும் நேயர்கள் குவிஞ்சாங்க. கடைசியில் 1957 அக்டோபர் 3-ம் தேதி விவித் பாரதியைத் தொடங்கி சினிமாப் பாட்டைத் திரும்பக் கொண்டு வந்தாங்க. அதுக்குள்ள அஞ்சு வருஷம் ஓடிப்போச்சு, நேயர்களுக்கும் சிலோன் பழகிப்போச்சு.

இந்தக் கதையில் ரெண்டு பாடம் இருக்கு. ஒண்ணு, கேக்குறவனுக்கு மருந்து கொடுக்கிற மாதிரி பாட்டுப் போட்டா ஓடிடுவான். ரெண்டாவதை யாரும் அவ்வளவா பேசறதில்லை. சிலோனில் போட்டதும் நம்ம ஊர் சினிமாப் பாட்டுதான். அங்க ஜனங்களைப் பிடிச்சு வச்சது மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் மாதிரியான அறிவிப்பாளர்கள். இன்னிக்கும் அம்பது, அறுபது வயசுக்காரர்கிட்ட பேச்சுக் கொடுத்துப் பாருங்க. பாட்டு மறந்திருக்கும், அந்தக் குரல் மறந்திருக்காது.

சரி, "புதுப் பாட்டு மட்டும்" கட்சிக்கு வருவோம். அதுக்கும் ஒரு பூர்வீகம் இருக்கு. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒமாஹாங்கிற ஊரில் டாட் ஸ்டோர்ஸ்னு ஒருத்தர், கேஓடபிள்யூஎச்ங்கிற நிலையத்தை ஹிட் பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டே மேல கொண்டு வந்தார். 'டாப் 40' முறைக்கு வழி போட்டவங்களில் அவர் முக்கியமானவர். நம்ம தனியார் எஃப்எம்கள் பண்றதும் ஏறக்குறைய அதுதான். ஆனா அன்னிக்கு ஹிட் பாட்டைக் கேக்கணும்னா ரேடியோவோ இசைத்தட்டோதான் வழி. இன்னிக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழக ஹாஸ்டல் பையனுக்குப் பாட்டு வெளியான அதே நிமிஷம் போனில் கிடைச்சுடுது. அவன் உங்க அறிவிப்பாளர் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருப்பானா? அந்தப் போட்டியில் பெரிய நிலையங்களே மூச்சு வாங்குது. நாலு பேர் வேலை செய்யற நிலையம் அதில் குதிக்கிறது, ஆழம் தெரியாம காலை விடற வேலை.

காசு கணக்கையும் பார்த்துடலாம். சமுதாய வானொலிக்கு 100 வாட் சக்திதான் அனுமதி. 10 கிலோமீட்டர் போகும், நல்லா போனா 15. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். மஞ்சக்குப்பத்தில் வச்சா சிதம்பரம் மேலவீதிக்குக் கேக்காது. அதனால "மாவட்டம் முழுசுக்கும்"ங்கிற கனவை முதல்லயே விட்டுடணும். 2024 விதிப்படி மணிக்கு 12 நிமிஷம் வரைக்கும் விளம்பரம் போடலாம், முன்னாடி 7 நிமிஷம்தான். அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 52 ரூபாயா இருந்தது 74 ஆச்சு. 12 நிமிஷமும் நிறைஞ்சா மணிக்கு 5,328 ரூபாய். நிறையுமா? நிறையாது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது லாரன்ஸ் ரோட்டு ஜவுளிக்கடை, பண்ருட்டி முந்திரி வியாபாரி, காட்டுமன்னார்கோயில் உரக்கடை. அவங்க கடையில் பர்ஸைத் திறக்கிறவங்களுக்கு வயசு முப்பத்தஞ்சுக்கு மேல. பதினெட்டு வயசுப் பையன் உரம் வாங்க மாட்டான்!

இன்னொண்ணும் கவனிக்கணும். சமுதாய வானொலியில் குறைஞ்சது பாதி நிகழ்ச்சியாவது உள்ளூர் மக்கள் பங்கெடுத்துத் தயாரிச்சதா இருக்கணும்ங்கிறது விதி. அதனால முழு நேரமும் சினிமாப் பாட்டுங்கிறது அவங்களுக்கு முடியவே முடியாத காரியம். சினிமாப் பாட்டுக்கு உரிமைக் கட்டணம் வேற இருக்கு. உள்ளூர் ஓதுவாரையோ நாதஸ்வரக்காரரையோ முறையா சம்பளம் கொடுத்து, எழுதி வாங்கிப் பதிவு பண்ணிட்டா, அந்தப் பதிவு நிலையத்தோட சொத்து. முத்துத்தாண்டவர் பாட்டுக்கு இன்னிக்கு யாருக்கும் ராயல்டி கொடுக்க வேண்டியதில்லை.

அந்தச் சொத்து நம்ம மண்ணில் கொட்டிக் கிடக்கு. தேவார ஏடுகளை ராஜராஜன் மீட்டதா சொல்ற இடம் சிதம்பரம். சீர்காழி முத்துத்தாண்டவர் பாடினது நடராஜரை. மாரிமுத்தாப் பிள்ளை பக்கத்துத் தில்லைவிடங்கன். கோபாலகிருஷ்ண பாரதியோட நந்தன் வந்து சேர்ற ஊரும் இதுதான். 1929-ல் இங்க இசைக் கல்லூரி வந்துச்சு. 1941-ல் தமிழிசை மாநாடு அண்ணாமலை நகரில்தான் நடந்துச்சு. கச்சேரியில் தமிழ்ப் பாட்டு எத்தனை, வானொலியில் தமிழ்ப் பாட்டு எத்தனைன்னு அந்தக் காலத்திலேயே கணக்குப் போட்டு சண்டை போட்டாங்க. பல்கலைக்கழக இசைத்துறையில் தண்டபாணி தேசிகர் இருந்தார். சினிமா பக்கம் போனா பராசக்தி, ரத்தக்கண்ணீர் படங்களில் பாடின சிதம்பரம் ஜெயராமன் நம்ம ஊர்க்காரர். என்ன பாட்டு போடணும்ங்கிற விவாதத்துக்கு நம்ம ஊரை விடத் தகுதியான ஊர் கிடையாதுங்க.

இதுக்காக நாள் முழுக்கத் தேவாரம் போடுங்கன்னு சொல்லலை. கேஸ்கர் கதையை மேல சொன்னதே அதுக்குத்தான்.

இப்ப, நிலையம் எதுக்கு இருக்குங்கிற கேள்வி. என் பதில்: புயலுக்கு.

சிரிக்காதீங்க. 2004 சுனாமி. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறி, பல ஊரில் நாள்கணக்கா கரண்ட் இல்லாம பண்ணுச்சு. 2015 வெள்ளம். 2024-ல் ஃபெஞ்சல், அதோட தென்பெண்ணை வெள்ளம். ஒவ்வொரு தடவையும் கரண்ட் போகுது, டவர் படுத்துடுது, டிவி இல்லை, போனில் சார்ஜ் இல்லை. ரெண்டு பேட்டரியில் ஓடுற ரேடியோதான் மிச்சம். 2015 டிசம்பரில் கடலூரில் 'பேரிடர் கால வானொலி'ன்னு 107.8-ல் ஒரு தற்காலிக நிலையமே வச்சாங்க. வெள்ள நேரத்துத் தகவலைச் சொல்றதுக்குன்னே வந்த நிலையம். போன்களில் எஃப்எம் வசதியை எடுத்துடாதீங்க, பேரிடர் நேரத்தில் தேவைப்படும்னு 2023-ல் மத்திய அரசு போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை சொன்னதும் இதே காரணத்தால்தான்.

ஆனா ஒரு சிக்கல். தண்ணி வந்தப்புறம் வானொலி வைக்கலாம், தண்ணி வந்தப்புறம் பழக்கத்தை வைக்க முடியாது. தேவனாம்பட்டினத்திலோ சிங்காரத்தோப்பிலோ இருக்கிற ஒரு வீட்டில் அந்த எண்ணு ஏற்கெனவே திருகி வச்சிருக்கணும். அந்தக் குரல் ஏற்கெனவே தெரிஞ்ச குரலா இருக்கணும். "ராத்திரி எட்டு மணிக்குள்ள முகாமுக்குப் போயிடுங்க"ன்னு சொல்றப்ப, "அட, இது நம்ம காலைல பாட்டு போடுற பொண்ணாச்சே"ன்னு நம்பிக் கிளம்பணும். மீதி 360 நாள் அந்த ரேடியோவை அணைக்க விடாம பண்றதுதான் பாட்டோட வேலை. எந்தப் பாட்டு ஒரு வீட்டில் யாரும் எழுந்து வந்து நிறுத்தாம ஓடுமோ, அதுதான் நம்ம நிலையத்துக்கான பாட்டு.

அப்படிப் பார்த்தா என் பட்டியல் இதுதான்:

1. காலை 5 முதல் 6: நாதஸ்வரம், தேவாரம். வெள்ளிக்கிழமை நாகூர் ஹனிபா, ஞாயிறு கிறிஸ்தவப் பாடல். பரங்கிப்பேட்டையும் நம்ம ஊர்தானே. எல்லாருக்கும் ஒரு விடியல் வேணும்.

2. காலை 6 முதல் 9: எழுபது, எண்பதுகளின் சினிமாப் பாட்டு. அரை மணிக்கு ஒரு தடவை காற்று, மழை, கடல் நிலவரம், வீராணம் ஏரி மட்டம், மீன், காய்கறி விலை. பாம்பனில் 2016-ல் மீனவர்களுக்குன்னே தொடங்கின கடல் ஓசை வானொலி காட்டின வழி இது.

3. பகல் முழுக்க எண்பது, தொண்ணூறுகள். தையல் கடை, டீக்கடை, சலூன், முந்திரி உடைக்கிற இடம், இங்கெல்லாம் ஓடுற பாட்டு. பாட்டோட பேரும் பாடினவர் பேரும் சொல்லணும், போனில் ஓடுற பட்டியல் அதைச் சொல்லாது.

4. சாயங்காலம் நேயர் விருப்பம். இங்க புதுப் பாட்டுக்கும் இடம் உண்டு, ஆனா கேட்டா மட்டும். யார், எந்தத் தெரு, யாருக்காகன்னு பேர் சொல்லிப் போடணும். தன் பேர் வானொலியில் வரும்னா மனுஷன் ஒரு மணி நேரம் காத்துக்கிட்டு இருப்பான்.

5. ராத்திரி 9-க்கு மேல அம்பது, அறுபதுகள். நெய்வேலியில் நைட் ஷிஃப்ட் போறவருக்கும், தூக்கம் வராத பெரியவங்களுக்கும்.

6. வாரத்துக்கு ஒரு மணி நேரம் இசைத்துறை மாணவர்கள், ஒரு மணி நேரம் தெருக்கூத்து, நாட்டுப்புறப் பாட்டு. நேரத்தை மாத்தவே கூடாது. பிடிச்சவன் தேடி வருவான், பிடிக்காதவன் ஒரு மணி நேரம் பொறுத்துக்குவான்.

"இதெல்லாம் பழசு, இளைஞர்களை விட்டுட்டீங்களே"ன்னு கேப்பீங்க. விடலை. அவங்களைப் பாட்டு கேக்கக் கூப்பிடாம, மைக் முன்னாடி உட்காரக் கூப்பிடுங்கன்னு சொல்றேன். சோதிக்குப்பத்துப் பையன் கடல் நிலவரம் வாசிக்கட்டும், கிள்ளைப் பொண்ணு நேயர் விருப்பம் நடத்தட்டும். அவன் அம்மா கேப்பாங்க, அத்தை கேப்பாங்க, தெருவே கேக்கும். நாலு வருஷம் கழிச்சு அந்தக் குரலுக்கு ஒரு மதிப்பு வந்திருக்கும்.

பழைய பாட்டை மட்டும் கம்ப்யூட்டரில் கோத்து விட்டுட்டு ஆளே இல்லாம ஓட்டினா செலவு குறையும்தான். நடத்தறவங்களுக்கு அந்த ஆசை கட்டாயம் வரும். தயவுசெஞ்சு அதை மட்டும் செஞ்சுடாதீங்க. அப்படி ஓடுற நிலையத்தில், காத்து திசை மாறுற ராத்திரியில் சொல்றதுக்கு யாரும் இருக்க மாட்டாங்க, பாட்டு மட்டும் ஓடிக்கிட்டு இருக்கும். மாசச் சம்பளத்தில் கை வைக்கணும்னா கடைசியா அறிவிப்பாளர் சம்பளத்தில் வைங்க.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு அக்டோபரும் வரும், அதை யாரும் ஏலம் விட முடியாது. நெய்வேலிக்கு வரப்போற எஃப்எம் ஆனாலும் சரி, பத்து கிலோமீட்டர் கேக்குற சமுதாய வானொலி ஆனாலும் சரி, தை மாசத்திலேயே ஜனங்க காதைப் பழக்க ஆரம்பிக்கணும். ஐப்பசியில் ஆரம்பிச்சா லேட்டு.