ஒன்பதாவது கவிதை எங்கே?

ஆப்பெராவும் கலைப்பாடலும் பெண்ணுக்குக் குரல் கொடுத்துவிட்டன என்று நண்பர்கள் சிலர் சொல்லி வருகிறார்கள். ஸோப்ரானோதான் கதாநாயகி, உச்சஸ்தாயி அவளுடையது, கடைசிக் கைதட்டலும் அவளுக்கே. இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவர்கள் கட்சி. தொண்டையையும் குரலையும் ஒன்றாக்கிப் பேசும் பேச்சு இது.

ஆப்பெரா விஷயத்தில் அதிகம் சொல்லத் தேவையில்லை. வயலெட்டா காசநோயில் சாகிறாள் (1853). கார்மென் காதலன் கத்திக்கு இரையாகிறாள் (1875). டோஸ்கா கோட்டை மேலிருந்து குதிக்கிறாள் (1900). பட்டர்ஃப்ளை தன்னையே குத்திக்கொள்கிறாள் (1904). இப்படிப்பட்ட சாவுகளை வரிசையாக எடுத்துவைத்து காத்ரீன் க்ளெமான் 1979இல் பிரெஞ்சில் ஒரு புத்தகம் எழுதினார். கதையில் தோற்கிறவள் பாட்டில் ஜெயிக்கிறாள் என்ற தோரணையில் கேரலின் அபாட்டே 1993இல் பதில் சொன்னார். நல்ல பதில்தான், ஆனால் பாதி. யார் எழுதிய பாட்டு? நியூயார்க் மெட்ரோபாலிடனில் 1903இல் எதெல் ஸ்மைத்தின் 'டெர் வால்ட்' நடந்தது. ஒரு பெண் எழுதிய ஆப்பெரா அந்த மேடைக்கு மறுபடி வந்தது 2016இல், கயா ஸாரியாஹோ மூலம். இடையில் 113 வருஷம். அத்தனை வருஷமும் அங்கே பெண்கள் பாடிக்கொண்டும் செத்துக்கொண்டும்தான் இருந்தார்கள்.

இன்னும் நுட்பமான மோசடி கலைப்பாடலில். அங்கே கத்தி இல்லை, ரத்தம் இல்லை. ஒரு பியானோ, ஒரு பெண். ஷூமனின் 'பெண்ணின் காதலும் வாழ்வும்' 1840 ஜூலையில் எழுதப்பட்டது. கவிதைகள் சாமிஸோவுடையவை. அவனைப் பார்க்கிறாள், மோதிரம், கல்யாணம், குழந்தை, பிறகு அவன் சாவு. எட்டுப் பாட்டு. அவன் இறந்ததும் அவள் தனக்குள் ஒடுங்கிவிடுகிறாள், குரல் நின்றுபோகிறது, முதல் பாட்டின் இசையை பியானோ தனியாக வாசித்து முடிக்கிறது. அபாரமான இடம், மறுக்கவில்லை. ஆனால் அவளுடைய ஞாபகத்தைக்கூட அவளுக்காக வேறொருவர்தான் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. கணக்கு அவள் பெயரில், கையெழுத்து வேறொருவருடையது. நான் வேலை பார்க்கும் இடத்தில் இதற்கு வேறு பெயர்.

சாமிஸோவின் தொகுதியில் ஒன்பதாவதாகவும் ஒரு கவிதை உண்டு. அதில் அவள் கிழவியாகிவிட்டாள், பேத்தியிடம் பேசுகிறாள். பெரிய கவிதை ஒன்றுமில்லை. உபதேச வாடை அடிக்கும். ஆனால் அவன் போனபிறகும் அவள் இருந்தாள் என்பதற்கும், இன்னொரு பெண்ணிடம் சொல்ல அவளிடம் விஷயம் இருந்தது என்பதற்கும் அதுதான் சாட்சி. ஷூமன் அதை விட்டுவிட்டார். உருவ அமைதிக்காக என்பார்கள். இருக்கட்டும். வட்டம் அழகாக மூடிக்கொள்வதற்கு ஒரு பெண் எட்டோடு நின்றாக வேண்டியிருந்தது. உருவமும் ஒரு கட்சி எடுத்துக்கொள்கிறது என்பதை நம் உருவவாதிகள் கவனிக்க வேண்டும்.

அதே வருஷம் செப்டம்பரில் ஷூமன் மணந்த க்ளாரா, கல்யாணத்துக்கு முன்பே ஐரோப்பா அறிந்த பியானோ கலைஞர். 1856இல் கணவர் இறந்தார். க்ளாரா ஒடுங்கவில்லை. குழந்தைகளை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கச்சேரி செய்தார், 1891 வரை. கணவரின் பாட்டில் வரும் விதவைக்கும் இவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் இதிலும் ஒரு முள் இருக்கிறது: 1856க்குப் பிறகு க்ளாரா சொந்தமாக இசை எழுதுவது ஏறத்தாழ நின்றுவிட்டது. விரல்கள் ஓயவில்லை, பேனா ஓய்ந்தது. வாசிப்பவளுக்கும் எழுதுபவளுக்கும் உள்ள இந்த இடைவெளியைத்தான் 'குரல் கொடுத்தாயிற்று' என்ற கோஷம் மூடி மறைக்கிறது.

சரி, பெண்ணே எழுதினால்? அமெரிக்கரான லிபி லார்ஸன் 2000இல் ஒரு பாடல்வரிசை செய்தார். எட்டாம் ஹென்றியின் மனைவியர் ஐந்து பேரின் கடிதங்களும் கொலைக்களப் பேச்சுகளும்தான் சாகித்யம். சாமிஸோக்களுக்கு இங்கே வேலையில்லை. ஆனாலும் அந்த வார்த்தைகள் எந்த நிலையில் சொல்லப்பட்டவை என்று பார்க்க வேண்டும். ஆன் போலின் தன்னைக் கொல்லும் ராஜாவையே நல்லவன் என்று புகழ்ந்துவிட்டுத்தான் சாகிறாள். பின்னால் விட்டுப்போவது மூன்று வயது நிரம்பாத மகளை, வேறென்ன பேசுவாள்? அவள் பெயரில் வழங்கும் கடிதம் அவள் எழுதியதுதானா என்பதிலேயே அறிஞர்களுக்குள் ஒருமிப்பில்லை. பெண்ணின் சொந்த வார்த்தை என்றதும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள், அந்த வார்த்தை யார் காதுக்காகச் சொல்லப்பட்டது என்று கேட்பதில்லை. லார்ஸனிடம் எனக்குப் பிடித்தது, பழைய ல்யூட் பாட்டுகளை அவர் இதற்கடியில் இழையோட விட்டிருப்பது. சொல்ல முடிந்தது மேலே, சொல்ல முடியாதது கீழே. ஷூமனின் பியானோ அவளுக்குப் பதிலாகப் பேசுகிறது. இது அவள் பேசும்போதே கூட ஓடுகிறது. இந்த வித்தியாசம் கதையில் இல்லை, இசை எழுதப்பட்ட விதத்தில் இருக்கிறது.

ஆறாவது மனைவி காதரின் பார் ராஜாவுக்குப் பிறகும் உயிரோடிருந்தாள். 1545லேயே தன் பெயரைப் போட்டு ஒரு பிரார்த்தனைப் புத்தகம் அச்சிட்டவள். லார்ஸனின் வரிசையில் அவளுக்குப் பாட்டு இல்லை.