செய்முறைத் தேர்வும் பழுதறியும் அறிவும்

நிறுவனங்களின் சர்வர்களைப் பராமரிக்க ஆளெடுக்கும்போது கேட்கப்படும் சான்றிதழ்களுள் ரெட் ஹாட் நிறுவனம் வழங்கும் ஆர்எச்சிஎஸ்ஏ முக்கியமான ஒன்று. வங்கி, தொலைத்தொடர்பு, அரசுத் துறை போன்ற இடங்களில் நிற்காமல் ஓட வேண்டிய கணினிகளுக்கென்று தொகுக்கப்பட்டு, சந்தா அடிப்படையில் பராமரிப்பு ஆதரவுடன் வழங்கப்படும் இயங்குதளம் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ். அதில் பயனர் கணக்குகளை உருவாக்கவும், வட்டுகளைப் பிரிக்கவும், சேவைகளை இயக்கிக் காக்கவும் ஒருவருக்குத் தெரியும் என்பதற்கு அச்சான்றிதழ் சாட்சி சொல்கிறது. சென்னையிலும் கோவையிலும் பயிற்சி நிலையங்களுக்குக் கட்டணம் கட்டும் பட்டதாரிகள் அந்தச் சாட்சியை நம்பியே வேலை தேடுகின்றனர். தேர்வின் வடிவம் பழுதற்றது என்றே சொல்லலாம். ஆனால் அதற்கென்று நடத்தப்படும் பயிற்சி, சர்வர் நிர்வாகப் பணியின் கடினமான பாதியைத் தொடாமலேயே முடிந்துவிடுகிறது.

1990-களில் கணினித் துறைச் சான்றிதழ்களுக்கான தேர்வுகள் பெரும்பாலும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையில் நடந்தன. அதனால் சர்வரை ஒருமுறையேனும் தொட்டறியாதவர்களும் வினாத்தொகுப்பை மனப்பாடம் செய்து மைக்ரோசாஃப்டின் எம்சிஎஸ்இ சான்றிதழைப் பெற முடிந்தது. அத்தகையோரைக் ‘காகித எம்சிஎஸ்இ’ என்று துறையினரே கேலி பேசினர். 1999-இல் ரெட் ஹாட் தொடங்கிய ஆர்எச்சிஇ சான்றிதழ்த் திட்டம் இதற்கு நேர்மாறாக, தேர்வரை உண்மையான கணினியின் முன் உட்கார வைத்தது. தொடக்கநிலைச் சான்றிதழான ஆர்எச்சிஎஸ்ஏ-வுக்குரிய இஎக்ஸ்200 தேர்வும் அம்மரபில் வந்ததே. இணைய வசதி கிடையாது. இயங்குதளத்துடனேயே வரும் ‘மேன்’ பக்கங்கள் எனப்படும் கையேடுகளைப் புரட்டிக்கொள்ளலாம். 300 மதிப்பெண்ணில் 210 எடுத்தால் தேர்ச்சி. எந்தக் கட்டளையால் வேலையை முடித்தார் என்பதை யாரும் கேட்பதில்லை. முடிவில் கணினி எந்த நிலையில் நிற்கிறது என்பதற்கே மதிப்பெண்.

செய்துவைத்த அமைப்பு, கணினியை அணைத்து மீண்டும் இயக்கிய பிறகும் யார் தலையீடும் இல்லாமல் நிலைத்திருக்க வேண்டும் என்னும் விதியே இத்தேர்வின் உயிர்நாடி. லினக்ஸில் ஒரு சேவையை இப்போது இயக்குவது ஒரு கட்டளை; கணினி தொடங்கும்போதெல்லாம் அது தானாக இயங்கும்படி பதிவுசெய்வது வேறொரு கட்டளை. ஃபயர்வால் விதிகளுக்கும் அப்படியே தற்காலிக நிலை, நிரந்தர நிலை என்று இரண்டு உண்டு. ஒரு வட்டுப் பகுதியைக் கோப்பகம் ஒன்றோடு இணைப்பதை ‘மவுன்ட்’ செய்தல் என்பர். அவ்விணைப்பு நிலைக்க வேண்டுமானால் எஃப்எஸ்டேப் என்னும் கோப்பில் அதற்கு ஒரு வரி எழுதப்பட வேண்டும். அந்த வரியில் பிழை நேர்ந்தால் கணினி வழக்கமான நிலைக்கு வராமல் அவசரநிலை முனையத்தில் நின்றுவிடக்கூடும். அதுவரை சரியாகச் செய்த மற்ற வேலைகளும் அதோடு வீணாகும். இந்தக் கண்டிப்பு தேர்வரை அச்சுறுத்துவதற்காக வைக்கப்பட்டதன்று. உண்மையான சர்வர் அறைகளில், மாதக்கணக்கில் நன்றாக ஓடிய சேவை, பராமரிப்புக்காக ஒருமுறை அணைத்துப் போட்டதும் எழாமல் போவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான்.

இவ்வளவு கவனமாக வகுக்கப்பட்ட தேர்வையும் மனப்பாடத்துக்குள் அடக்கிவிட முடியும் என்று பயிற்சிச் சந்தை காட்டியிருக்கிறது. வினாக்களை வெளியிடுவதில்லை என்று தேர்வர்கள் ஒப்பந்தம் ஏற்றே தேர்வு எழுதுகின்றனர். ஆயினும் ‘டம்ப்’ எனப்படும் வினாத்தொகுப்புகள் கைமாறுகின்றன, அவற்றிலுள்ள வேலைகளை வரிசை மாறாமல் தட்டச்சுச் செய்ய வைப்பதே சில இடங்களில் பயிற்சியாகிவிடுகிறது. அதன் விளைவு எஸ்இலினக்ஸ் என்னும் பகுதியில் மிகத் தெளிவாகத் தெரியும். இது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி 2000-இல் வெளியிட்ட பாதுகாப்பு அமைப்பு. வழக்கமான கோப்பு அனுமதிகளுக்கு மேல், ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு லேபிள் இட்டு, எந்த லேபிள் கொண்ட நிரல் எந்த லேபிள் கொண்ட கோப்பைத் தொடலாம் என்பதை அது தனியே தீர்மானிக்கிறது. பயனரின் சொந்தக் கோப்பகத்தில் உருவாக்கிய இணையப் பக்கம் ஒன்றை வலைச் சர்வரின் கோப்பகத்துக்கு நகலெடுத்தால் அது புதிய இடத்துக்குரிய லேபிளைப் பெறும். அதையே நகர்த்தினால் பழைய லேபிளுடனே போய்ச் சேரும், வலைச் சர்வரால் அதைத் திறக்க முடியாது. காரணம் அறியாதவர், எல்லோருக்கும் எல்லா உரிமையும் வழங்கும் 777 அனுமதியைக் கொடுத்துப் பார்ப்பார். அதிலும் பயனில்லாதபோது எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுவார். பக்கம் திறக்கும், பாதுகாப்பு போய்விடும்.

முழு உரிமை கொண்ட ‘ரூட்’ என்னும் நிர்வாகிக் கணக்கின் மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றும் பயிற்சியும் இத்தகையதே. கணினி தொடங்கும் வழியில் இடைமறித்து, புதிய கடவுச்சொல்லை அமைத்து, ‘.ஆட்டோரீலேபிள்’ என்னும் வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கிவிட்டு வெளியேற வேண்டும் என்று மாணவர்கள் மந்திரம்போல் ஒப்பிக்கின்றனர். எஸ்இலினக்ஸ் கொள்கை இன்னும் ஏற்றப்படாத அந்நிலையில் எழுதப்படும் கடவுச்சொல் கோப்பு தனக்குரிய லேபிளை இழந்துவிடுகிறது. அடுத்த முறை கணினி தொடங்கும்போது எல்லாக் கோப்புகளுக்கும் லேபிள்களைப் புதிதாக இடச் செய்யும் ஆணையே அந்த வெற்றுக் கோப்பு. இந்த ஒரு காரணத்தை விளங்கிக்கொண்டவருக்கு மேலே சொன்ன இணையப் பக்கச் சிக்கலும் விளங்கிவிடும். படிகளை மட்டும் ஒப்பித்தவருக்கு இரண்டும் தொடர்பற்ற இரண்டு சடங்குகள்.

பயிற்சியை மட்டும் குறைகூறுவது முழு நியாயமாகாது. பாடத்திட்டத்தில், கணினி தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் லாக் கோப்புகளை வாசித்தல் இடம்பெற்றிருந்தாலும், வினாத்தாள் பொதுவாக இதைச் செய்க, அதை அமைக்க என்றே பணிக்கிறது. ஆர்எச்சிஇ-யின் தொடக்க ஆண்டுகளில் அது ஒரு முழு நாள் தேர்வாக இருந்தது. வேண்டுமென்றே பழுதாக்கப்பட்ட கணினியைக் கொடுத்து, குறை எங்கே என்று சொல்லாமல், சரிசெய்யப் பணிக்கும் தனிப்பகுதி ஒன்று அதில் இருந்தது. பிற்காலத்தில் அப்பகுதி நீக்கப்பட்டது. பழுதறிதலுக்கென்று இப்போது தனித் தேர்வு இருப்பினும், அதை விரும்புவோர் மட்டுமே எழுதுகின்றனர். அடிப்படைச் சான்றிதழுக்கு அது தேவையில்லை. தேர்வின் நேரத்தையும் செலவையும் சுருக்கியது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் ஒரு சர்வர் நிர்வாகியின் வேலைநாளில் புதிதாக ஒன்றை அமைக்கும் நேரம் குறைவு. எப்போதோ யாரோ அமைத்துவிட்டுப் போனது ஏன் இன்று ஓடவில்லை என்று தேடும் நேரமே அதிகம்.

தானியக்கம் வந்தபின் இந்தக் குறை பெரிதாகவே செய்கிறது. 2019-இல் வெளிவந்த ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8-ஆம் பதிப்புக்கான ஆர்எச்சிஇ தேர்வு, ஆன்சிபிள் என்னும் கருவியை மையமாகக் கொண்டு மாற்றப்பட்டது. பல சர்வர்கள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைப் பிளேபுக் என்னும் ஒரே கோப்பில் எழுதிவைத்தால், ஆன்சிபிள் ஒவ்வொன்றையும் அந்நிலைக்குக் கொண்டுவரும். கையால் செய்த தவறு ஒரு சர்வரோடு நிற்கும். பிளேபுக்கில் எழுதிய தவறு நூறு சர்வர்களுக்கும் ஒரே நேரத்தில் போய்ச்சேரும்.

இத்தகைய பழுதறிதலை வீட்டிலிருந்தே பயில்வோருக்குத் தளம் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸின் மூலநிரலிலிருந்து உருவாகி, கட்டணமின்றிக் கிடைத்த சென்ட்ஓஎஸ் 8-க்கான ஆதரவு 2021 இறுதியோடு நிறுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்புக்குப் பின், அவ்விடத்தை நிரப்ப ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் ஆகியவை தோன்றின. ரெட் ஹாட் நிறுவனமும் தனிநபருக்கு 16 கணினிகள் வரை தன் இயங்குதளத்தைக் கட்டணமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. ஒரு மடிக்கணினிக்குள் இரண்டு மெய்நிகர் கணினிகளை, அதாவது மென்பொருளால் உருவாக்கப்படும் கணினிகளை, ஓட்ட முடிந்தால் போதும். அவற்றின் நல்ல நிலையை ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்துவிட்டு, ஒரு மாணவர் எஃப்எஸ்டேப்பில் ஓர் எழுத்தை மாற்றியோ, ஒரு கோப்பின் லேபிளைக் கெடுத்தோ, மற்றவரிடம் கொடுத்துக் காரணம் கண்டுபிடிக்கச் சொல்லலாம். நேர்காணலில் கட்டளைகளின் விரிவாக்கம் கேட்கும் நிறுவனங்களும் அதே முறையில், பழுதான மெய்நிகர் கணினி ஒன்றை அரைமணி நேரம் ஒப்படைத்து, விண்ணப்பதாரர் முதலில் லாக்கைத் திறக்கிறாரா, எஸ்இலினக்ஸை அணைக்கிறாரா என்று பார்க்கலாம்.