பெயரும் கூலியும்

"பண்டிதருக்குப் படப்பிடிப்பில் என்ன வேலை?" என்று ஆவணி விடுமுறை கழிந்து பாடசாலை தொடங்கிய அன்றே என் சக ஆசிரியர்கள் நகையாடினார்கள். கேள்வி நியாயமானதே. இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பிராசீன பாடசாலையில் நன்னூலும் தொல்காப்பியமும் கற்பித்து வருபவன் நான். சினிமா என்ற சொல்லை வகுப்பிலே நல்லதற்கு எடுத்தாண்டவனல்லன். அத்தகைய நான் ஒன்பது நாள் ஒரு திரைப்படத்தின் உதவி நெறியாளனாகப் பனங்கூடலுக்குள் வெயிலிற் காய்ந்தேன். அங்கே கண்ட முறைகேடொன்றை அன்பர்கள் முன் வைத்து வழக்காடவே இதனை எழுதுகின்றேன்.

என்னிடம் முன்னர் தமிழ் கற்ற இளைஞர் ஒருவர், தம் சேமிப்பையும் நண்பர்கள் அனுப்பிய சிறு தொகையையும் கொண்டு படமெடுக்கத் தொடங்கினார். கலையகம் இல்லை. வாடகைக் கமரா ஒன்று, இரவல் வான் ஒன்று, பன்னிரண்டு பேர், இவ்வளவே படை. கதையில் வரும் சட்டம்பியார் ஒருவரின் பேச்சைச் செப்பஞ் செய்து தருமாறு என்னை அழைத்தார், போனேன். பன்னிரண்டாம் நாட் காலை, உதவி நெறியாளராக நின்ற பையன் வரவில்லை. "ஐயா, கொப்பியை நீங்கள் பிடியுங்கோ. உங்களுக்குப் பிழை வராது" என்றார் நெறியாளர். அந்த வார்த்தையில் மயங்கிக் கொப்பியை வாங்கினேன்.

உதவி நெறியாளர் என்றால் நெறியாளருக்குக் குடை பிடிப்பவர் என்றே எண்ணியிருந்தேன். உண்மை வேறு. விடிவதற்கு முன் நடிகர்களை எழுப்ப வேண்டும். எந்தக் காட்சி, எத்தனையாவது தடவை என்று பலகையில் எழுதிக் கமராவின் முன் காட்ட வேண்டும். எந்தத் தடவை நன்றாக அமைந்தது, எதில் நாய் குரைத்தது என்று குறிக்க வேண்டும். இவற்றினும் கடினமானது தொடர்ச்சி காத்தல். படம் பிடிக்கும் ஒழுங்கு கதையின் ஒழுங்கன்று. வீட்டுக்குள் நுழைவதை இன்று பிடித்து, படலையைத் திறப்பதை நான்கு நாள் கழித்துப் பிடிப்பார்கள். இடையில் குடை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறிவிட்டாற் காண்போர் மயங்குவர். ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங் கண்ட சி. வை. தாமோதரம்பிள்ளையின் உழைப்பு என் நினைவுக்கு வந்தது. அவர் 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது கறையான் தின்ற ஏடுகளோடு போராடினார். இங்கே போராட்டம் சாயும் வெயிலோடு.

பையன் விட்டுச்சென்ற கொப்பியை முதலிற் புரட்டிப் பார்த்துச் சிரித்தேன். பொத்தானுக்கு மூன்று சுழி ணகரம். படலைக்கு றகர ழகரங்களோடு குழம்பி ஒரு புது வடிவம். "சட்டம்பியார்: வீபூதி வலப்பக்கம் அழிஞ்சது. இரண்டாம் பொத்தாண் திறப்பு" என்று ஒரு வரி. சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தவும் செய்தேன். ஆசிரியப் பழக்கம்!

மறுநாள் தண்டனை கிடைத்தது. சட்டம்பியார் வெயிலில் நடந்து வந்து படலையைத் திறப்பதைக் காலையிற் பிடித்தார்கள். வியர்வையில் அவர் நெற்றித் திருநீறு பாதி கலைந்திருந்தது. அவர் திண்ணையில் வந்து அமர்வதை மதிய உணவின் பின் பிடித்தார்கள். வெறு நெற்றியோடு வந்த நடிகரைக் கண்டு மனம் பொறாது, நானே முக்குறியாகத் திருநீறு பூசிவிட்டேன். இரவு பார்த்தால், படலையிற் கலைந்த திருநீறு நான்கடி தள்ளித் திண்ணையிற் பளிச்சென்று விளங்கிற்று. நடிகர் அன்றிரவே ஊர் திரும்பிவிட்டார். மீண்டும் பிடிக்க வழியில்லை. படத்தின் நல்ல காட்சிகளுள் ஒன்று வெட்டுண்டது. நெறியாளர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது சொல்லினும் சுட்டது.

பின்னர் அந்தக் கொப்பியை மறுபடியும் வாசித்தேன். பதினொரு நாட் குறிப்பில் எழுத்துப் பிழை நூறிருக்கும்; பார்வைப் பிழை ஒன்றேனும் இல்லை. என் குறிப்பில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை, காட்சியே பிழைத்தது.

அப்பையன் ஏன் வரவில்லை என்று தேடிப் போனேன். ஒரு கட்டட வேலைத்தலத்திற் சீமெந்துக் கலவை சுமந்துகொண்டிருந்தான். நாளொன்றுக்கு இரண்டாயிரம் ரூபா என்று பேசியிருந்தார்களாம். இரண்டு நாளுக்கே கிடைத்ததாம். "எனக்கு அந்த வேலையிலை விருப்பம்தான் ஐயா. ஆனால் அம்மாவுக்கு என்ன சொல்லுறது?" என்றான். குறையாக அவன் வேறொன்றும் சொல்லவில்லை.

நெறியாளர் வஞ்சகரல்லர். தம் மோட்டார் சைக்கிளை விற்றவர். எல்லோரோடும் அமர்ந்து பாணும் சம்பலும் உண்டவர். எனினும் ஒன்றைக் கவனித்தேன். கமராவின் வாடகை ஒருநாளும் தவறவில்லை. தவறினால் உரியவர் கமராவைக் கொண்டுபோய்விடுவார். பையனோ ஆசையினால் நாளையும் வருவான். ஆகவே கடன் சொல்வது யாருக்கு? விருப்பமுடையவனுக்கே! கலையை நேசிப்பவனது நேசத்தையே அவனுக்கு எதிரான பிணையாக வைப்பது எவ்வகை அறம்?

"கூலி கொடுத்துத்தான் எடுக்கவேண்டுமென்றால் நம் நாட்டிலே தமிழ்ப் படமே வராது" என்று அன்பர்கள் கூறுவர். இக்கூற்றைத் தள்ளிவிட முடியாது. 1972 இற் கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த குத்துவிளக்கு, 1977 இல் தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்திய பொன்மணி, செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 1978 இல் உருவான வாடைக்காற்று என நாம் பெருமையோடு சொல்லும் படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கன. இவற்றைப் போன்றவை பெருகவேண்டுமென்பதே என் விருப்பமும்.

ஆனால் வறுமையிற் பிறந்த நற்படங்களின் வரலாறு வேறொரு பாடத்தையும் கற்பிக்கின்றது. வங்கத்துச் சத்யஜித் ராய் 1952 இற் பதேர் பாஞ்சாலியைத் தொடங்கினார். அது 1955 இலேயே வெளிவந்தது. பணத்துக்காக அவர் தமது காப்புறுதிப் பத்திரத்தை ஈடுவைத்தார்; அரிதிற் சேர்த்த இசைத்தட்டுக்களை விற்றார். கையிருப்புத் தீர்ந்தபோது படப்பிடிப்பை நிறுத்திக் காத்திருந்தார். வெண்ணிற நாணற்பூக்களிடையே அக்காளும் தம்பியும் செல்லும் காட்சியிற் பாதியைப் பிடித்துவிட்டு அடுத்த வாரம் போனபோது, பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறு பருவம் பூக்கும்வரை பொறுத்தார். அப்படம் தாமதத்தினாற் கெட்டதா? கனவு எவருடையதோ, பணயமும் முதலில் அவருடையதாதல் வேண்டும். பணம் இல்லையேற் காத்திருக்கலாம். மற்றவன் வீட்டு உலையை நிறுத்திவைத்தல் ஆகாது.

நம் கூத்து மரபும் இதனையே சொல்லும். மட்டக்களப்புக் கூத்துக் களரியில் ஏட்டைக் கையிற் பிடித்து அடியெடுத்துக் கொடுக்கும் ஏட்டண்ணாவியார் ஆடமாட்டார். அவர் இல்லையேல் ஆட்டமும் இல்லை. உதவி நெறியாளரைத் திரைப்படத்தின் ஏட்டண்ணாவியார் என்பேன். கூத்தின் அண்ணாவிமாரை ஊர் சபையறியச் சிறப்புச் செய்தது. பணம் குறைந்த ஊர்களே அவை, மதிப்புக் குறையவில்லை.

படம் முடிந்து பெயர்ப் பட்டியலைக் காட்டினார்கள். "உதவி நெறியாளர்" என்பதன் கீழ் என் பெயர், பண்டிதப் பட்டத்தோடு, பெரிய எழுத்தில் இருந்தது. பையனின் பெயர் எங்குமில்லை. "அவன் இடையில் விட்டுப் போனவன்தானே ஐயா" என்றார்கள். "அவன் விட்டுப் போகவில்லை, தம்பி, நீங்கள் விடவைத்தீர்கள். அவன் பதினொரு நாட் காத்தான். நான் ஒன்பது நாளில் ஒரு காட்சியைக் கெடுத்தேன். என் பெயரை எடுத்துவிட்டு அவன் பெயரைப் போடுங்கள். அவனுக்குரிய ஒன்பது நாட் கூலியையும் கொடுங்கள்" என்றேன். நெறியாளர் நெடுநேரம் பேசாதிருந்தார். பெயரை அன்றே மாற்றினார். கூலியிற் பாதி சென்ற வாரம் போய்ச் சேர்ந்ததென்று அறிந்தேன். மீதியை நான் மறக்கப் போவதில்லை.

படமெடுக்கப் புறப்படும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. கமராவைப் பேசுமுன் ஆட்களைப் பேசுங்கள்; பேசிய தொகை சிறிதாயினும் ஒரு தாளில் எழுதி இருபக்கமும் கையொப்பமிடுங்கள். அன்றாடக் கூலியை அன்றாட வாடகையோடு ஒரே வரிசையில் வையுங்கள். ஒருநாள் உழைத்தவனாயினும் அவன் பெயரைத் திரையில் இடுங்கள், அதற்குச் செலவில்லை.

பணிசெய்தவன் பெயரைப் பதிப்பில் மறைத்தல் புலமைக் களவு என்று மாணவர்க்குச் சொல்லி வருகின்றேன். திரையில் மறைப்பதும் அதுவே. அந்தக் கொப்பி இப்போது என் மேசையில் இருக்கின்றது. நான் இட்ட சிவப்புத் திருத்தங்களைக் காணுந்தோறும் நாணுகின்றேன்.