காளை மட்டும் போதுமா?

மக்களே, அலங்காநல்லூர்க்காரன் செடியப் பத்திப் பேசினாலும் கடைசில மாட்டுலதான் வந்து நிக்கும். பொறுத்துக்குங்க :-)

நம்ம வீட்டுத் தோட்டத்துல நாலஞ்சு சைகஸ் கன்னு இருக்கு. பார்க்கப் பனை மாதிரி, ஆனா பனை இல்ல. டைனோசர் காலத்து வம்சம். ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. தென்னாப்பிரிக்காவுல 1895-ல ஜான் மெட்லி வுட் ஒரு ஆண் மரத்தைக் கண்டுபிடிச்சார். பேரு என்செஃபலார்டஸ் வுடி. பெண் மரம் இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல. தோட்டங்கள்ல இருக்கறது அத்தனையும் அந்த ஆணோட பக்கக்கன்னுங்கதான். காளை இருக்கு, பசு இல்ல. கன்னுக்கு எங்க போறது?

நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை சைகஸ் சர்சினாலிஸும் அழிவு ஆபத்துப் பட்டியல்ல இருக்கு. அதோட ஆண் கூம்புதான் நாட்டு மருந்துக் கடையில விக்கிற மதனகாமப்பூ. கூம்பை வெட்டினா மகரந்தம் ஏது, விதை ஏது?

அதனால என் கட்சி இதுதான்: காட்டுல தோண்டின மரம் வேண்டவே வேண்டாம். சைகஸ் ரொம்ப மெதுவா வளரும். தடிச்ச அடிமரத்தை யாராவது சல்லிசா குடுத்தா சந்தேகப்படுங்க. விதைக்கன்னா வாங்கி, நாலஞ்சா வைங்க. ஆணா பொண்ணான்னு தெரியவே பல வருஷம் ஆகும். அவ்வளவு பொறுமை இல்லையா? குரோட்டன்ஸ் வளங்க, தப்பே இல்ல!