கேஸுக்குப் பதில் இண்டக்‌ஷன்: லாபமா, நஷ்டமா? 500 யூனிட்டில்தான் இருக்கு விஷயம்!

அம்பத்தூரில் ஒரு சின்னக் குடும்பம். இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர் ஆகிறது. ‘பேசாம இண்டக்‌ஷனுக்கு மாறிடலாமா?’ என்று யோசிக்கிறார்கள். அவங்க வீட்டு கரண்ட் பில்லைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

14.2 கிலோ கேஸில் இருக்கும் எரிசக்தி சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆனால் கேஸ் அடுப்பில் மூன்றில் ஒரு பங்கு சூடு வெளியே போய்விடும். இண்டக்‌ஷனில் பாத்திரமே சூடாவதால் வீணாவது குறைவு. அதனால் ஒரு சிலிண்டர் சமையலுக்கு சுமார் 140 யூனிட் போதும். 2025 ஏப்ரல் விலை உயர்வுக்குப் பின் சென்னையில் சிலிண்டர் ரூ.868.50 ஆக இருந்தது; அந்த விலையை வைத்தே கணக்குப் போடுவோம்.

2024 ஜூலை கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் ரூ.2.35, 400 வரை ரூ.4.70, 500 வரை ரூ.6.30. இப்போது 200 யூனிட் ஓடும் வீட்டில் கூடுதலாக 140 ஏறினால் ரூ.658 ஆகும். கேஸைவிட 200 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

ஏற்கெனவே 400 யூனிட் ஓடும் வீடு என்றால் கதையே வேற. பில் 540-க்குப் போகும். 500-ஐத் தாண்டியதுமே அந்த ரூ.2.35 சலுகை ரத்து, அதற்கும் ரூ.4.70 போடுவார்கள். 501-வது யூனிட்டிலிருந்து ரூ.8.40. அதாவது 500 யூனிட்டுக்கு ரூ.1,805, 501-க்கு ரூ.2,048.40. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்! மொத்தத்தில் 540 யூனிட்டுக்கு ரூ.2,376, முன்பு கட்டியதைவிட ரூ.1,201 அதிகம். கேஸே மலிவு.

வாடகைக்கு இருப்பவர்கள் இன்னும் உஷாரா இருக்கணும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8, 10 ரூபாய் வாங்கும் ஓனர்கள் உண்டு. 8 ரூபாய் என்றாலே 140 யூனிட்டுக்கு ரூ.1,120.

இதனால் பலருக்கும் பாதிக்குப் பாதிதான் சரிப்படும். ஏசி ஓடாத மாதங்களில் பால், டீ, சாதம் இண்டக்‌ஷனில். கோடையில் பழையபடி கேஸ்.

வாங்கும் முன் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுதா பாருங்க. அலுமினிய இட்லி குண்டானில் ஒட்டாது, அது இதில் சூடாகாது. 2,000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சார்ஜர் போடும் 6 ஆம்பியர் பிளக் தாங்காது, 16 ஆம்பியர் பாயின்ட் வேணும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் அடுப்பும் நின்றுவிடும் என்பதால் கேஸ் கனெக்‌ஷனை சரண்டர் பண்ண அவசரம் வேண்டாம்.